பால் கொடுக்கிறவள் பறித்த மல்லி

மல்லி வளர்க்கிறவளுக்கு விடியற்காலை சொந்தமில்லை. அது மொட்டுக்குச் சொந்தம். மொட்டு வெள்ளையாகத் திரண்டு, இன்றைக்குச் சாயங்காலம் வெடித்துவிடுவேன் என்று நிற்கிறபோதே பறித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் காம்பு துவண்டுவிடும். விட்டுவிட்டால் செடியிலேயே விரிந்து உதிர்ந்துவிடும். நமக்குக் காய்ச்சலா, தலைவலியா, கைக்குழந்தை அழுகிறதா என்றெல்லாம் அது விசாரிக்காது. வீட்டுக்குப் பின்னால் நாலு செடி வைத்திருக்கிற சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அழகுக்கு இருக்கட்டும் என்று நீங்களும் ஆசையாகத்தான் நட்டிருப்பீர்கள். இப்போது அது உங்களை வேலை வாங்கிக்கொண்டிருக்கும்.

எங்கள் ஊர் கேரள எல்லையில், வேலந்தாவளத்துக்குப் பக்கம். சந்தைக்குப் போகிற மாடுகள் எங்கள் வேலியோரமாகத்தான் போகும். நான் படித்தது கோயமுத்தூரில், கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில். அங்கே பூ வைத்துக்கொண்டு போனால் வாசலிலேயே எடுத்துவிடுவார்கள். வாசனை படிப்பைக் கெடுக்குமாம். அந்த ஏக்கத்தில்தான், கல்யாணமாகி வந்த புதிதில், குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் குண்டுமல்லிப் பதியன் இரண்டு ஊன்றினேன். அது தளதளவென்று வந்ததைப் பார்த்த என் வீட்டுக்காரர், நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து, பின்னாலிருந்த நிலக்கடலைத் துண்டு முழுவதையும் மல்லியாக்கிவிட்டார்.

தோட்டம் முதல் பூவுக்குத் தயாரான வருஷம், தை மாதம், செல்வி பிறந்தாள். மாதம் நிரம்பாமல் பிறந்தவள். பூனைக்குட்டி மாதிரி இருந்தாள். மாட்டுப்பால் கொடுத்தால் வயிறு போனது; டப்பாப் பாலைக் கக்கினாள். என் பால் ஒன்றுதான் அவளுக்கு ஒத்துக்கொண்டது. இந்த நிலைமையில் பங்குனி பிறந்தது, தோட்டம் வெள்ளை வெளேரென்று மொட்டு வைத்தது. அன்றைக்குத்தான் என் மாமியார் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொன்னார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். தாய்க்குப் பால் நிற்க வேண்டுமானால், மல்லி மொட்டை நெருக்கமாகத் தொடுத்து மார்பில் வைத்துக் கட்டுவார்களாம்; இரண்டொரு நாளில் வற்றிவிடுமாம். "அதனால பால் குடுக்கறவ மல்லிப் பக்கமே போகப்படாது அம்மிணி," என்றார். சொல்லிவிட்டுத் தோட்டத்தை ஒரு தடவை பார்த்தார். அவருக்குக் கண்ணில் சதை வளர்ந்திருந்தது, மொட்டுக்கும் இலைக்கும் வித்தியாசம் தெரியாது. என் வீட்டுக்காரர் பறித்தால் மொட்டோடு கொம்பும் வரும். கூலிக்கு ஆள் வைக்கிற அளவுக்குத் தோட்டம் பெரிதுமில்லை. "என்ன பண்றது, நீதான் போகோணும்," என்று அத்தையே முடித்தும் வைத்தார்.

செல்வி தூங்கிய பிறகு அரிக்கேன் விளக்கில் இதை எழுதுகிறேன். வெளியே ஏதாவது சத்தம் கேட்டால் பேனா நின்றுவிடும். அங்கங்கே வாக்கியம் நொண்டினால் அதுதான் காரணம்.

பாம்புக்கு வாய்ப்பாடு

எனக்கு இடிக்குப் பயம், முட்டுகிற மாட்டுக்குப் பயம், தந்திக்காரரின் சைக்கிள் மணிக்குப் பயம். இப்படிப்பட்டவளை, வெளிச்சம் வராத நேரத்தில், மல்லிப் புதருக்குள் கைவிடச் சொன்னால் எப்படி இருக்கும்? மல்லி வாசனைக்குப் பாம்பு வரும் என்று இந்தப் பக்கத்தில் சொல்லாதவர்கள் கிடையாது. சத்தம் கேட்டால் அது விலகிப் போய்விடும் என்றும் சொல்வார்கள். நான் அந்த இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். பாட்டுப் பாட வெட்கம். சாமி பேரைச் சொன்னால் பயந்துவிட்டேன் என்று தெரிந்துவிடும். ஆகவே பள்ளிக்கூடத்தில் தினமும் எழுந்து நின்று ஒப்பித்த இங்கிலீஷ் வாய்ப்பாட்டை எடுத்துவிட்டேன். "டூ ஒன்ஸ் ஆர் டூ, டூ டூஸ் ஆர் ஃபோர்!" செடிக்கு ஒரு வாய்ப்பாடு. ஏழாம் வாய்ப்பாட்டுச் செடியில் எப்போதும் தடுமாறுவேன். அங்கே மட்டும் பறிப்பதற்கு நேரமாகும்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காளியப்பன் என்கிறவருடைய வீடு. அவர் மனைவி பழனியம்மா அப்போது முழுகாமல் இருந்தாள். காளியப்பன் எருதுகளை ஓட்டிக்கொண்டு வருகிறவர், எங்கள் வேலியோரம் வந்ததும் நின்றுவிடுவார். எருதுகளும் நின்று கேட்கும். சில நாள் பொறுத்துப் பார்த்தார். ஒன்பதாம் வாய்ப்பாட்டை நான் அவசரமாக முடித்த ஒரு காலையில், வேலிக்கு மேலே தலையை நீட்டினார்:

"ஏனுங்க அம்மிணி, நம்மூர்ப் பாம்புக்கு இங்கிலீசு தெரியுங்களா? எதுக்கும் ஒருக்கா தமிழ்லயும் சொல்லிப் போடுங்க."

பூண்டு

அத்தை பயமுறுத்திவிட்டுச் சும்மா போகிறவர் இல்லை, பரிகாரமும் வைத்திருப்பார். மல்லி வற்ற வைத்தால் பூண்டு ஊற வைக்கும் என்பது அவர் கணக்கு. நான் கூடையோடு உள்ளே வரும்போது நல்லெண்ணெயில் வதக்கிய பூண்டு கிண்ணத்தில் காத்திருக்கும். கூடை பெரிதாக இருந்தால் கிண்ணமும் பெரிது. முகூர்த்த நாள் என்றால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இது போதாதென்று நானாக ஒரு காப்பும் செய்துகொண்டேன். வீட்டுக்காரருடைய கனத்த துண்டை நனைத்துப் பிழிந்து, சேலைக்கு மேல் மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொள்வேன், பூ வாசனை உள்ளே இறங்கக் கூடாதென்று. பார்க்கிறவர்களுக்கு நான் பூப் பறிக்கப் போகிறேனா, மல்யுத்தத்துக்குப் போகிறேனா என்று சந்தேகம் வரும்.

எங்கள் பூவை வாங்குகிறவள் ருக்மணி. வேலந்தாவளம் முக்கில் உட்கார்ந்து வாழைநாரில் தொடுத்து விற்பாள். முதல் பஸ்ஸுக்கு முன்னால் வந்து எடுத்துப் போவாள். தொழிலில் கறாரானவள், வாய் திறந்த மொட்டு ஒன்று கண்ணில் பட்டால் கூடையையே திருப்பிப் பார்ப்பாள். ஒரு நாள் ஒரு கை அள்ளி முகர்ந்தாள். நெற்றியைச் சுருக்கினாள். மறுபடியும் முகர்ந்தாள். பிறகு என் கையையும் வாயையும் துண்டையும் ஒரு பார்வை பார்த்தாள்:

"பூ நல்லாத்தான் இருக்குதுங்க அம்மிணி. ஊருல அத்தன பேரு ஊட்டுப் பூவும் பூவாட்டம் மணக்குது, உங்க ஊட்டுப் பூ மட்டும் ரசம் தாளிச்சாப்புல மணக்குதே, அது ஏனுங்க?"

புழுவுக்கு எல்லை

சித்திரை வெயிலில் மொட்டுக்குள் புழு விழுந்தது. புழு குடைந்த மொட்டு ஊதா நிறமாகிச் சுருங்கிவிடும், உங்களுக்குத் தெரியும். பிளாக் ஆபீசிலிருந்து வந்த கிராம சேவகர் ஏதோ பவுடர் எழுதிக் கொடுக்க, வீட்டுக்காரர் மூட்டையாகவே வாங்கிவந்து மாட்டுக் கொட்டகையில் வைத்தார். வாசலில் இறக்கும்போதே எனக்குத் தொண்டை கமறியது. இந்தப் பவுடர் தூவிய மொட்டைப் பறிக்கிற கையால்தானே செல்வியைத் தூக்க வேண்டும், இந்தக் கையால்தானே அவள் வாயைத் துடைக்க வேண்டும்? மூட்டையைப் பிரிக்கவே கூடாது என்று அழுதேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்பறம் புழுவ என்னதான் பண்றது?" என்றார்.

பள்ளிக்கூடத்தில் எம்ப்ராய்டரி போட வைத்திருந்த சின்னக் கத்திரிக்கோலும் ஊசியும் என் பெட்டியில் இருந்தன. அதை வைத்துக்கொண்டு மொட்டு மொட்டாகப் புழு எடுத்தேன். எடுத்த புழுவை நசுக்கவும் பயம். ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாய்க்கால் பாலம் தாண்டி, அந்தப் பக்கத்துப் புல்லில் கொட்டிவிட்டு வருவேன். இரண்டு நாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், மூன்றாம் நாள் பாலத்தில் வழிமறித்து நின்றார்:

"ஏம்புள்ள, அக்கட்ட உட்டா அது றெக்கை மொளச்சு நாளைக்கு இக்கட்டயே வருமல்ல? பேசாம இந்தப் பாலத்துல ஒரு செக்போஸ்ட் போட்டுடலாமா?"

தராசுத் தொட்டில்

வைகாசியில் எனக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. பால் குறைகிறது. செல்வி குடிக்கும்போதே தூங்கினாள், தூங்கும்போதே சிணுங்கினாள். அவள் மணிக்கட்டை இரண்டு விரலால் சுற்றிப் பார்ப்பேன். நேற்றைவிட இன்று விரல் அதிகமாகச் சுற்றுகிறது என்று தோன்றும். அத்தை கிண்ணத்தைப் பெரிதாக்கினார். நான் துண்டை இரட்டையாக மடித்தேன். கடைசியில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு பஸ் ஏறினேன்.

அங்கே இருந்தவர் வயதான மலையாள நர்ஸ். "சிஸ்டர்," என்று நான் கூப்பிட்டதுமே பள்ளிக்கூடப் பழக்கத்தில் எழுந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "இதெந்தா, பரீட்சையோ?" என்று சிரித்தார். செல்வியைத் துணித்தொட்டிலில் போட்டுக் கொக்கித் தராசில் மாட்டினார். முள் ஆடி நின்றது. கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது, குறைமாதக் குழந்தை மெதுவாகத்தான் ஏறும் என்றார். நான் நம்பவில்லை. தொட்டிலை என் கைதான் அழுத்தியிருக்கும் என்று இன்னொரு தடவை நிறுக்கச் சொன்னேன். அதே எடைதான். அப்போது அழுகை வந்துவிட்டது. மல்லி, துண்டு, பூண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். நர்ஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்:

"அடுத்த மாசம் வரும்போள் குட்டியைக் கொண்டு வரணம், எனிக்கு ரெண்டு முழம் பூவும் கொண்டு வரணம். எனிக்கு வற்றிப்போகான் ஒண்ணும் இல்லல்லோ மோளே!"

ஆடு செய்த கவாத்து

ஆனி மாதம் சாரல் தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கன்றுக்குட்டி முட்டிப் படல் சாய்ந்து, ரோட்டில் போன ஆட்டுக் கூட்டம் உள்ளே புகுந்துவிட்டது. ஆட்டுக்காரன் மரத்தடியில் நல்ல தூக்கம். நாங்கள் பார்த்தபோது தோட்டத்தில் இலை என்று ஒன்று இல்லை. துடைப்பக்கட்டைகளை நட்டு வைத்தது போல இருந்தது. வீட்டுக்காரர் தலையில் கை வைத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்து சோகமாக முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம். இனி மொட்டு இல்லை, துண்டு இல்லை, பூண்டு இல்லை. செல்விக்குப் பால் தானாக ஊறும். அன்றைக்கு அவள் வயிறு நிறையக் குடித்ததாகக்கூட எனக்குப் பட்டது.

மல்லி வைத்திருப்பவர்கள் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். இலையை உருவிக் கவாத்துப் பண்ணித் தண்ணீர் காட்டினால் மல்லி என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆடு போட்ட புழுக்கை உரம், ஆனிச் சாரல் தண்ணீர். ஆடி பாதியில் கணுவுக்குக் கணு துளிர்த்து, ஆவணியில், பங்குனியில் பூத்ததைக் காட்டிலும் அதிகமாகப் பூத்துத் தொலைத்தது. நான் கூடை மேல் கூடையாகக் கொண்டுவந்து வைக்க, அத்தை ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்துப் பூரித்துப் போனார்:

"அந்த ஆட்டுக்காரன் மறுக்கா இந்தப் பக்கம் வந்தா ஒரு சொம்பு மோரு குடு அம்மிணி. அப்பறம் நீ இன்னங் கொஞ்சம் பூண்டு உரி."

என்ன விசேஷம்?

ஆவணி என்றால் முகூர்த்தம், ஓணம், சீர், காதுகுத்து. ருக்மணிக்குக் கொடுத்தது போக, வீட்டுக்கே வந்து கேட்கிறவர்களும் உண்டு. கூச்சமுள்ளவளாக இருந்த நான் ஒரு பேச்சுக் கற்றுக்கொண்டிருந்தேன்: "என்ன விசேஷம்?" கேட்டால் அவர்கள் முகம் மலரும். கல்யாணம் என்றால் ஒரு கை கூடப் போடுவேன், தொட்டில் என்றால் இரண்டு கை.

ஒரு மத்தியானம் காளியப்பன் வந்தார். எருதுகள் இல்லை. தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படல் பக்கமே நின்றார். கொஞ்சம் கூடவே மொட்டு வேண்டும் என்றார். பழனியம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தது எனக்குத் தெரியும். வேறு எதுவும் தெரியாது. பால் குடிக்கிற குழந்தை இருக்கிற வீட்டில் சில சேதிகளை யாரும் சொல்லமாட்டார்கள்; அத்தைக்குத் தெரிந்திருந்தும் எனக்குச் சொல்லவில்லை. ஈரத்துணியைப் பிரித்து, கூடையையே அவர் பக்கம் சாய்த்தேன். "என்ன விசேஷம்? தொட்டில் போடறீங்களா? பையனா, புள்ளையா?" என்று நானே அடுக்கிக்கொண்டு போனேன். அவர் மொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்:

"விசேஷம் ஒண்ணுமில்லீங்க அம்மிணி. ஊட்டுக்காரிக்கு மார்ல வெச்சுக் கட்டறதுக்குங்க."

மாற்றி மாற்றிக் கட்டியது

அதற்குப் பிறகு வாய்ப்பாடு வாயில் வரவில்லை. குழந்தை பிறந்து மூச்சு விடவில்லை என்று அத்தை பிறகு சொன்னார். பழனியம்மாவைத் திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், அவளைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அந்தப் பூ வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் இருந்தது. செல்விக்கு இன்னும் சோறு பழகவில்லை. இரண்டு நினைப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்தன. செல்வியை அத்தையிடம் விட்டுவிட்டுப் பாலம் தாண்டினேன்.

பழனியம்மா முறத்தில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். மூலையில் பழுப்பேறிய பூச்சரங்கள் ஒரு குவியலாகக் கிடந்தன. பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரித்தேன். அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள். "பறிக்கறப்ப துண்டு கட்டிக்கிறீங்களாமா? எங்கூட்டுக்காரரு சொல்லுவாரு." நான் தலையை ஆட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கேட்க வந்தது அதில் எழுதியிருந்திருக்க வேண்டும். "பயப்படாதீங்க. மாத்தி மாத்திக் கட்டியாச்சு. பூதான் வாடுது. பாலு அது பாட்டுக்கு வந்துட்டேதான் இருக்குதுங்க," என்றாள். ரவிக்கை நனைந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவளுக்கு ஆறுதல் சொல்லப் போனவள் நான். அவள் எனக்குச் சொன்ன ஆறுதலில் உடைந்து அழுதேன். அவள் கடலைத்தொலியைத் தட்டிவிட்டு, முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்தாள். கிளம்புகிறபோது வாசல் வரை வந்தாள்:

"விடியால பறிக்க நானும் வாரனுங்க. தூக்கந்தான் வர்ரதில்லையே. ஆனா அந்த வாய்ப்பாடு மட்டும் வேண்டாங்க."

இடுப்பு

மறுநாள் முதல் செடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பழனியம்மா. பாம்பு ஒரு தடவை வந்தது. அவள் "சூ, போ அக்கட்ட," என்றாள், போய்விட்டது. ருக்மணியிடம் சண்டை போடுகிற வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். ஒரு காரியம் மட்டும் செய்யமாட்டாள். செல்வி விழித்து அழுதால் தொட்டில் வரைக்கும் ஓடுவாள், அங்கே போய்க் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றுவிடுவாள். பிள்ளை பறிகொடுத்தவள் கை பட்டால் ஆகாது என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ எல்லாவற்றுக்கும் பயம் என்று முன்னமே சொல்லியிருக்கிறேன், இதற்கும் பயம்தான். எடு என்று சொல்ல வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. மொட்டை மடியில் வைத்துக்கொண்டு நின்றேன். கண் தெரியாத அத்தை அடுப்படியிலிருந்தே சத்தம் போட்டார்:

"எடு பழனி! அதுவா வந்து உன்ற இடுப்புல ஏறுமா?"

வேப்பெண்ணெய்க்குப் பிறகு

இப்போது செல்விக்கு வயது இரண்டரைக்கு மேல். கன்னமும் வயிறுமாக இருக்கிறாள். தட்டுச் சோற்றைக் காலி செய்துவிட்டு என் தட்டுக்கு வருவாள். நர்ஸுக்குப் பூ கொண்டுபோனால், "இது ஆ பூனைக்குட்டியோ?" என்று கேட்கிறார். பழனியம்மாவுக்கும் ஒரு பையன் பிறந்து, பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி தொந்தியோடு இருக்கிறான். எனக்கு இரண்டாவது தரித்திருக்கிறது. வயிற்றில் ஒன்று இருக்கும்போது மூத்ததற்குப் பால் கொடுக்கக் கூடாது, நிறுத்தியாக வேண்டும் என்று அத்தை உத்தரவு போட்டார். செல்வி அந்த உத்தரவைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தோம். என் முந்தானையை எடுத்து நிதானமாகத் துடைத்துவிட்டுக் குடித்தாள். பாகற்காய்ச் சாறு தடவினோம். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாள்.

"தோட்டம் நெறைய மருந்த வெச்சுட்டு நாம எதுக்கு யோசிக்கோணும்?" என்றார் அத்தை. எந்தப் பூவுக்குப் பயந்து வருஷக்கணக்கில் ஈரத் துண்டு கட்டினேனோ, அதே பூவை நானே பறித்துக்கொண்டு வந்தேன். பழனியம்மா தொடுத்தாள். நாரை இழுக்கும்போது ஒரு நிமிஷம் அவள் விரல் நின்றது. மடியிலிருந்த பையனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று முடித்தாள். இடைவெளியே இல்லாத நெருக்கமான சரம். அத்தை கையால் தடவி இறுக்கிக் கட்டினார். இரண்டு நாள் கட்டியிருந்தேன், வாடினால் புதிதாக மாற்றி. அந்த இரண்டு நாளும் காளியப்பன் வீட்டில் செல்வியை வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள், பரீட்சை முடிவு வருகிற மாதிரி, அத்தையும் பழனியம்மாவும் நானும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம்.

காளியப்பன் வேலியோரம் விட்டுவிட்டுப் போக, செல்வி வந்தாள். வாசற்படியில் நின்று மூக்கை உறிஞ்சினாள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். செல்வியின் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. "அம்மா வாசம்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். ஒரு கையால் சரத்தை ஒதுக்கினாள், இன்னொரு கையால் உதிர்ந்த மொட்டை எடுத்து என் தலையில் சொருகினாள், சாவகாசமாகக் குடிக்க ஆரம்பித்தாள். குடிக்க இருந்தது. அத்தைக்குக் கண் தெரியாவிட்டாலும் சத்தம் கேட்டது. "என்னாச்சு? என்னாச்சு?" என்று என்னை உலுக்கினார். எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பழனியம்மா தன் பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து சாய்ந்து சிரித்தாள்:

"பொறந்ததுலருந்து இந்த வாசத்தோட சேத்துத்தானுங்க அத்தை அவ குடிச்சிருக்கறா! நீங்க அவளுக்கு வரவேற்புத் தோரணமாட்டக் கட்டி உட்டுட்டீங்களே!"

மல்லி வாடும், உதிரும், புழு வைக்கும், பாம்புக்கு நிழல் கொடுக்கும், ஆடு தின்றால் முன்னைவிட நன்றாகப் பூக்கும். பால் விஷயத்தில் மட்டும் அது எங்கள் தோட்டத்தில் யார் சொன்னதையும் கேட்டதில்லை, என்றாலும் வருகிற பங்குனியில் இரண்டாவது பிறக்கும்போது முதல் மொட்டும் வந்துவிடும் என்பதால் அந்தக் கனத்த துண்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.